செலவு நடக்கும் நாளா, செய்தி வரும் நாளா?

ஏப்ரல் 2, 2025, காலை 10.15 (ஒரு வாசகரின் கேள்வி)

அரசு ஒரு பெரிய செலவை அறிவித்தால் போதும், மறுநாளே "பொருளாதாரத்துக்கு ஊக்கம்" என்று எழுதிவிடுகிறார்கள். அறிவிப்பு வெறும் பேச்சு. கஜானாவிலிருந்து பணம் வெளியே வந்தால்தான் யாருக்காவது வருமானம். அதுவரை எதுவும் மாறாது. செய்தியே பொருளாதாரத்தை அசைக்கும் என்று நம்புகிறவர்கள் ஒரு உதாரணமாவது காட்டுங்கள்.

ஏப்ரல் 2, இரவு 9.40

உதாரணம் கைவசம் இருக்கிறது. அதன் பேரேட்டை எழுதியவனே நான்தான்.

கான்கிரீட் குழாய் வார்க்கும் ஆலையில் பதினோரு வருடம் கணக்குப் பிரிவில் இருந்தேன். விற்பனையில் முக்கால் பங்கு அரசு வேலைகள். ஒரு நாள், பெரிய குடிநீர்த் திட்டம் ஒன்று வரப்போவதாக நாளிதழில் செய்தி. டெண்டர் இல்லை, மதிப்பீடு இல்லை, அறிவிப்பு மட்டும்தான். முதலாளி அன்று மத்தியானமே கம்பி வியாபாரிக்குப் போன் போட்டு ஆறு மாதச் சரக்குக்கு விலை கேட்டார். வியாபாரியும் அதே செய்தியைப் படித்திருந்தார். முந்தின வாரத்தைவிட ஏற்றியே சொன்னார். முதலாளி ஒத்துக்கொண்டார். அடுத்த மாதம் பெரிய விட்டக் குழாய்க்கு இரண்டு மோல்டு வாங்கினோம், வங்கிக் கடனில். கம்பிக்கூடு கட்டப் புதிதாக நான்கு வெல்டர்கள் சேர்ந்தார்கள்.

ஒர்க் ஆர்டர் கைக்கு வந்தது பதினான்கு மாதம் கழித்து. முதல் பில் பாஸாகிப் பணம் வந்தது அதற்கும் ஏழு மாதம் கழித்து. பணம் வந்த அன்று ஆலை எப்படி இருந்தது தெரியுமா? வார்ப்பு வேலை முடிந்துகொண்டிருந்தது. நான்கு வெல்டர்களில் இரண்டு பேர் கணக்குத் தீர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். வந்த தொகை அப்படியே வங்கிக் கடனுக்குப் போனது. வெளியிலிருந்து ஒருவர் அந்த மாதத்தை மட்டும் பார்த்தால், அரசு செலவிட்டது, ஆள் குறைந்தது, உற்பத்தி குறைந்தது என்று எழுதிக்கொண்டு போவார்.

ஏப்ரல் 2, இரவு 10.25

ஆறு மாதச் சரக்கு என்று எழுதினேன். பழைய டைரியை எடுத்துப் பார்த்தேன், நான்கு மாதச் சரக்கு. மற்றதெல்லாம் சரி.

ஏப்ரல் 3, காலை 7.30

ஒரு ஆலையை வைத்து நாட்டைப் பற்றிப் பேசலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. 1950ஐப் பாருங்கள்.

ஜூன் 25 அன்று வட கொரியப் படை தெற்கே நுழைந்தது. அமெரிக்கா போருக்குப் போகிறது என்பது சில நாட்களில் தெளிவாகிவிட்டது. அடுத்த மூன்று மாதத்தில் அமெரிக்க அரசின் ராணுவச் செலவு பெரிதாக ஏறவில்லை. பட்ஜெட் ஒதுக்கி, ஒப்பந்தம் போட்டு, ஆயுதம் செய்து வாங்க நேரம் ஆகும் அல்லவா? 1950இல் ஜிடிபியில் சுமார் 5 சதவீதமாக இருந்த ராணுவச் செலவு சுமார் 14 சதவீதத்தைத் தொட்டது 1953இல்தான். ஆனால் 1950 கோடையிலேயே மக்கள் கடைகளுக்கு ஓடினார்கள். கார், குளிர்சாதனப் பெட்டி, டயர், சர்க்கரை என்று வாங்கிக் குவித்தார்கள். விலைகள் ஏறின. செப்டம்பரிலேயே தவணைக் கடனுக்குக் கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியதாயிற்று. 1951 ஜனவரியில் விலைகளையே அரசு உறைய வைத்தது.

செலவின் உச்சம் மூன்று வருடம் தள்ளி. ஓட்டம் மூன்றே மாதத்துக்குள்.

ஏப்ரல் 3, மாலை 6.10

பதில்கள் எல்லாம் பார்த்தேன். "1950இல் மக்கள் வாங்கியது அரசுச் செலவு வரப்போகிறது என்பதற்காகவா, பொருள் கிடைக்காமல் போய்விடும் என்ற பயத்திலா?" என்று ஒருவர் கேட்டது என்னை மத்தியானம் முழுக்க யோசிக்க வைத்தது.

பயம்தான். ஒத்துக்கொள்கிறேன். இரண்டாம் உலகப்போரில் டயருக்கும் சர்க்கரைக்கும் ரேஷன் வந்ததை அந்தத் தலைமுறை பார்த்திருந்தது. 1942 பிப்ரவரியோடு பொதுமக்களுக்கான கார் உற்பத்தியே நின்றதும் அவர்களுக்கு நினைவிருந்தது. ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? இரும்பையும் ரப்பரையும் அரசு தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் என்ற கணிப்பிலிருந்து. அரசுச் செலவு பற்றிய செய்திக்குள் இத்தனை செய்திகள் அடங்கியிருக்கின்றன: யாருக்கு வேலை வரும், எந்தப் பொருள் தட்டுப்பாடாகும், எந்த வரி ஏறும், வட்டி எங்கே போகும். தொகை அதில் ஒரு பகுதிதான். எங்கள் கம்பி வியாபாரி படித்ததும் தொகையை அல்ல.

ஏப்ரல் 4, இரவு 11.00

இன்று நீளமாக எழுதுகிறேன். விஷயத்தின் அடிப்படையே இதுதான்.

அரசு ஒரு ரூபாய் கூடுதலாகச் செலவிட்டால் நாட்டின் உற்பத்தி எத்தனை ரூபாய் கூடும்? இதைத்தான் பெருக்கி என்கிறார்கள். 1க்கு மேலே என்றால் தனியார் நடவடிக்கையும் சேர்ந்து வளர்ந்திருக்கிறது. 1க்குக் கீழே என்றால் அரசு வாங்கியதில் ஒரு பகுதி தனியாரிடமிருந்து பறிக்கப்பட்டது. எத்தனையோ நாடுகளில் வரவு செலவுச் சண்டை இந்த ஒற்றை எண்ணில்தான் வந்து நிற்கிறது.

இதை அளக்க 2002இல் பிளான்ஷார், பெரோட்டி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஒரு வழி சொன்னார்கள். முந்தைய காலாண்டுகளை வைத்து அரசுச் செலவைக் கணியுங்கள். கணிப்புக்கு மேல் எவ்வளவு வந்ததோ அதுதான் எதிர்பாராத அதிர்ச்சி. அதன் பின் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இப்படி அளந்தால் அரசுச் செலவு ஏறும்போது மக்கள் நுகர்வும் ஏறுவதாக வருகிறது.

இதற்கும் முன்பே, 1998இல், ரேமியும் ஷபைரோவும் போர்ச் செய்தி வந்த தேதிகளை வைத்து அளந்திருந்தார்கள். அதில் நுகர்வு இறங்குவதாக வந்தது. ஒரே நாடு (அமெரிக்கா), ஏறக்குறைய ஒரே காலம், விடை மட்டும் நேர் எதிர்.

வலேரி ரேமி 2011இல் வெளியிட்ட ஆய்வு இந்த முடிச்சை அவிழ்த்தது என்பது என் கருத்து. முதல் முறையில் "எதிர்பாராத அதிர்ச்சி" என்று பிடிபட்டவற்றைப் போர்ச் செய்தித் தேதிகளை வைத்தே முன்கூட்டிச் சொல்ல முடிகிறது என்று அவர் காட்டினார். முன்கூட்டிச் சொல்ல முடிந்தால் அது அதிர்ச்சியே அல்ல. கணக்கில்தான் அது புதிது, ஊருக்கெல்லாம் எப்போதோ தெரிந்தது. நாளை வரி ஏறும் என்று எண்ணி, மக்கள் செய்தி கேட்ட உடனே நுகர்வைக் குறைத்துவிட்டார்கள் என்று வையுங்கள். பிறகு அது மெல்ல மீண்டு வரும் கட்டத்தில் கேமராவைத் திறந்தால் ஏற்றம் மட்டும்தான் படத்தில் விழும்.

எங்கள் ஆலையில் நடந்ததும் இதே தப்புதான், தலைகீழாக. நாங்கள் முதலில் ஏறினோம், பணம் வந்தபோது இறங்கிக்கொண்டிருந்தோம். கேமரா பணம் வந்த நாளில் திறந்தால் இறக்கம்தான் தெரியும்.

அப்புறம் ரேமி செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. பிசினஸ் வீக் போன்ற பழைய பத்திரிகைகளைக் காலாண்டு காலாண்டாகப் படித்து, ராணுவச் செலவு இனி எவ்வளவு கூடும், குறையும் என்று அன்றைக்கு எதிர்பார்த்தார்கள் என ஒரு தொடரைக் கட்டினார். 1939இல் தொடங்கி 2008 வரை. வருங்காலத் தொகைகளை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, முந்தின காலாண்டின் ஜிடிபியால் வகுத்தார். பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, பின்னால் நடந்ததை மறந்துவிட்டு, அன்று தெரிந்ததை மட்டும் குறித்துக்கொள்வது சாதாரணப் பொறுமை அல்ல. அவருக்கு வந்த பெருக்கி 0.6 முதல் 1.2 வரை.

ஏப்ரல் 5, காலை 8.00

போர்ச் செய்தித் தேதிகள் எவை என்று கேட்டவருக்கு: 1950இன் மூன்றாம் காலாண்டு கொரியா, 1965இன் முதல் காலாண்டு வியட்நாம், 1980இன் முதல் காலாண்டு சோவியத் படை ஆப்கானிஸ்தானில் நுழைந்ததை ஒட்டி. 2001இன் மூன்றாம் காலாண்டு (செப்டம்பர் 11 தாக்குதல்) பிற்பாடு சேர்க்கப்பட்டது.

ஏப்ரல் 5, மதியம் 1.20

ஏன் எப்போதும் ராணுவச் செலவு, சாலையும் பள்ளிக்கூடமும் இல்லையா என்ற கேள்வி. காரணம் இருக்கிறது. பொருளாதாரம் மந்தமாகும்போது அரசு சாலை போட அறிவிக்கும். அப்போது சாலைச் செலவால் மந்தம் மாறியதா, மந்தத்தால் சாலைச் செலவு வந்ததா என்று பிரிக்க முடியாது. போர் பெரும்பாலும் உள்நாட்டு மந்தத்தைப் பார்த்து வருவதில்லை. அதனால் அளக்க வசதி.

வசதி என்றுதான் சொல்கிறேன். பாலத்துக்கும் பீரங்கிக்கும் ஒரே பெருக்கி என்று எடுத்துக்கொண்டால் தப்பு. பாலம் கட்டி முடித்தபின் லாரி சீக்கிரம் போகும்.

ஏப்ரல் 6, இரவு 9.15

போன மாதமே கண்ணெதிரே நடந்ததை விட்டுவிட்டு 1950க்குப் போய்விட்டேன். மார்ச் 4 அன்று பெர்லினில், தேர்தலில் முதலிடம் பிடித்திருந்த மெர்ட்ஸ் தரப்பும் சமூக ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து அறிவித்தார்கள்: ஜிடிபியில் 1 சதவீதத்துக்கு மேற்பட்ட பாதுகாப்புச் செலவுக்கு அரசியல் சட்டத்தில் உள்ள கடன் வரம்பு கிடையாது, கட்டமைப்புக்குத் தனியாக 500 பில்லியன் யூரோ நிதி. அன்று மெர்ட்ஸ் அரசாங்கத்தின் தலைவர் (சான்சலர்) கூட இல்லை. அரசியல் சட்டத் திருத்தம் கீழவையில் நிறைவேறியது மார்ச் 18, மேலவையில் மார்ச் 21. ஒரு யூரோவும் வெளியே போகவில்லை.

மறுநாள் மார்ச் 5 அன்று ஜெர்மனியின் பத்தாண்டுக் கடன் பத்திர வட்டி ஒரே நாளில் சுமார் 0.3 சதவீதப் புள்ளி ஏறியது. பத்திரச் சந்தையில் இருப்பவர்களைக் கேளுங்கள், அந்தப் பத்திரத்துக்கு அது எப்பேர்ப்பட்ட நாள் என்று சொல்வார்கள். யூரோ ஏறியது. ஆயுத நிறுவனப் பங்குகள் ஏறின. செலவில் பங்கே இல்லாத பிரான்ஸ், இத்தாலி பத்திரங்களின் வட்டியும் கூடவே ஏறியது. அந்த வாரம் அந்த நாடுகளில் புதிதாகக் கடன் பத்திரம் வெளியிட்ட ஒரு கம்பெனிக்கு, பெர்லின் அறிவிப்பு ஏற்கெனவே செலவு வைத்துவிட்டது.

ஏப்ரல் 6, இரவு 10.50

பங்கு ஏற்றத்தையே செய்தியின் அளவாக வைத்துப் பார்க்கலாமே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வைத்திருக்கிறார்கள். 2010இல் ஃபிஷர், பீட்டர்ஸ் இருவரும் அமெரிக்காவின் பெரிய ராணுவ ஒப்பந்த நிறுவனங்களின் பங்குகள் சந்தையைவிட எவ்வளவு கூடுதலாக ஏறின என்பதை வைத்து அளந்தார்கள். நல்ல யோசனை. நிறுவனம் வேறு காரணத்தால் லாபம் பார்த்தாலும் பங்கு ஏறுமே என்பது மட்டும்தான் என் தயக்கம்.

ஏப்ரல் 7, மாலை 7.00

கேள்வி கேட்ட வாசகர் திரும்ப வந்திருக்கிறார்: பத்திரமும் பங்கும் ஆடுவது சந்தை விளையாட்டு, சாதாரண மனிதனுக்கு என்ன ஆயிற்று?

பிரிட்டன், 2022 செப்டம்பர் 23. நிதியமைச்சர் குவார்ட்டெங் சுமார் 45 பில்லியன் பவுண்டு வரிக்குறைப்பை அறிவித்தார். அரசின் வரவு செலவைச் சுதந்திரமாகக் கணிக்கும் பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தின் கணிப்பு கூட வரவில்லை. 26ஆம் தேதி பவுண்டு சுமார் 1.03 டாலருக்கு விழுந்தது. அரசுப் பத்திரங்களின் விலையும் விழுந்து வட்டி ஏறியது. 28ஆம் தேதி மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி தலையிட்டு நீண்டகாலப் பத்திரங்களை வாங்குவதாக அறிவிக்க வேண்டி வந்தது, இல்லையென்றால் ஓய்வூதிய நிதிகள் பத்திரங்களை விற்றே சந்தையை இன்னும் கீழே தள்ளியிருக்கும். அந்த வாரத்திலேயே வங்கிகள் நூற்றுக்கணக்கான வீட்டுக்கடன் திட்டங்களைத் திரும்பப் பெற்றன. வீடு பார்த்து, தவணைக் கணக்குப் போட்டு, கையெழுத்துக்குத் தயாராக இருந்த குடும்பத்துக்கு அந்தக் கடன் இல்லை என்றாகிவிட்டது. அக்டோபர் 17 அன்று அந்த வரிக்குறைப்பில் பெரும்பகுதி ரத்து.

நடக்காமலே போன ஒன்று வீட்டுக்கடன் விலையை ஏற்றிவிட்டுப் போனது. சந்தை விளையாட்டு என்று இதைத் தள்ள என்னால் முடியாது.

ஏப்ரல் 7, இரவு 8.30

வரிக்குறைப்பு அரசுச் செலவு ஆகாது என்று திருத்தியவருக்கு நன்றி, அது சரிதான். ஆனால் அதே அறிக்கையில் எரிசக்திக் கட்டண உதவிக்கு ஆறு மாதத்துக்குச் சுமார் 60 பில்லியன் பவுண்டு என்ற மதிப்பீடும் இருந்தது. அது செலவு, தொகையும் பெரியது. குளிர்காலம் முடிந்தால் தீரும் செலவை ஒரு விதமாகவும், நிரந்தரமாக ஓட்டை போடும் முடிவை வேறு விதமாகவும் ஆட்கள் படிக்கிறார்கள் என்று தோன்றுகிறது. எவ்வளவு என்பதைப் போலவே எத்தனை காலம், யார் கட்டுவது என்பதும் செய்தியில் இருக்கிறது.

ஏப்ரல் 9, இரவு 10.10

நான்காம் தேதி எழுதியதில் ஒரு முக்கியமான குறையை விட்டுவிட்டேன். ரேமியின் தொடரில் பலம் எல்லாம் இரண்டாம் உலகப்போரிலும் கொரியாவிலும் இருக்கிறது. அந்த இரண்டையும் எடுத்துவிட்டு 1955க்குப் பிறகு மட்டும் பார்த்தால், செய்தித் தொடர் செலவை முன்கூட்டிச் சொல்லும் திறனை ஏறக்குறைய இழந்துவிடுகிறது. இதை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். இரண்டாம் உலகப்போர்க் காலம் ரேஷனும் விலைக் கட்டுப்பாடும் நிறைந்தது; தாராளமாகச் செலவிட மக்களுக்கு வழியே இல்லை. அப்போது வந்த எண்ணை இன்றைய அமைதிக்கால பட்ஜெட்டுக்கு அப்படியே ஒட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பின்னர் 2018இல் ரேமியும் ஸுபைரியும் 1889 வரை பின்னால் போய்த் தரவு கட்டினார்கள். வேலையில்லாத் திண்டாட்டம் அதிகமாக இருக்கும் காலத்தில் பெருக்கி பெரிதாக இருக்கும் என்று பலரும் நம்புகிறோம். அவர்களுக்கு மந்தக் காலத்திலும் பெருக்கி பெரும்பாலும் 1க்குக் கீழேதான் வந்தது. வேறு முறையில் அளந்த ஆவர்பாக், கொரோட்னிசென்கோ என்ற ஆய்வாளர்கள் இருவருக்கும் மந்தக் காலத்தில் பெரிதாக வந்திருந்தது. எனக்கு இதில் இன்னும் மனம் ஒரு பக்கம் நிற்கவில்லை.

ஏப்ரல் 10, மாலை 6.45

செலவை வெட்டப் போகிறோம் என்ற செய்தியும் இப்படியே வேலை செய்யும். அமெரிக்காவில் 2011 ஆகஸ்டில் போட்ட சட்டப்படி, கட்சிகள் உடன்படாவிட்டால் 2013இல் தானாகவே செலவு வெட்டு. அது நடைமுறைக்கு வந்தது 2013 மார்ச் 1. ஆனால் 2012இன் கடைசிக் காலாண்டிலேயே ராணுவச் செலவு ஆண்டு விகிதத்தில் 22 சதவீதம் விழுந்ததாகவும், ஜிடிபி 0.1 சதவீதம் சுருங்கியதாகவும் முதல் மதிப்பீடு சொன்னது. வெட்டு வரும் என்று தெரிந்ததும் ராணுவ அலுவலகங்கள் கையை முன்கூட்டியே இறுக்கிக்கொண்டன.

ஏப்ரல் 10, மாலை 7.20

அவசரப்பட்டேன். முந்தின காலாண்டில் அதே ராணுவச் செலவு ஏறக்குறைய 13 சதவீதம் ஏறியிருந்தது, அதனால் அந்த வீழ்ச்சியில் ஒரு பகுதி வெறும் திரும்பல். ஜிடிபியும் பிறகு சிறு வளர்ச்சியாகத் திருத்தப்பட்டது. முழுக்க வெட்டுச் செய்தியின் வேலை என்று சொன்னது அதிகம். ஒரு பங்கு உண்டு என்பதில் நிற்கிறேன்.

ஏப்ரல் 12, காலை 9.00

அயர்லாந்தைக் காட்டி, 1987இல் செலவை வெட்டியதும் மக்கள் நம்பிக்கை வந்து நுகர்வு ஏறியதே என்கிறீர்கள். ஜவாட்ஸி, பகானோ இருவரும் 1990இல் டென்மார்க்கையும் அயர்லாந்தையும் வைத்து அப்படித்தான் எழுதினார்கள்: இன்று வெட்டு என்றால் நாளை வரி குறைவு, எனவே இன்றே செலவிடலாம் என்று மக்கள் கணக்குப் போட்டார்களாம். நடக்கக்கூடியதுதான். ஆனால் அயர்லாந்து 1986 ஆகஸ்டில் நாணய மதிப்பைக் குறைத்திருந்தது, பக்கத்தில் பிரிட்டன் நன்றாக வளர்ந்துகொண்டிருந்தது. அந்த இரண்டும் இல்லாமல் வெட்டினால் வளரும் என்று சொல்லி ஒரு நாட்டின் மருத்துவமனைப் படுக்கைகளைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஏப்ரல் 14, இரவு 9.30

தனியாக ஒருவர் கேட்டார்: அரசுக் கணக்கு எந்த நாளைப் பதிவு செய்கிறது? பணம் கொடுத்த நாள் கஜானாக் கணக்கில் வரும். ஜிடிபிக் கணக்கு கொஞ்சம் பரவாயில்லை. ஆயுதங்களில் பெரும்பாலானவை அரசு கைக்கு வந்து சேரும்போது அரசுச் செலவாகப் பதிவாகும். அதுவரை செய்துகொண்டிருக்கும் நிறுவனத்தின் சரக்கிருப்பில் ஏறும். அதாவது வேலை நடக்கும் மாதங்களில் ஜிடிபி ஏறுவது தெரியும், ஆனால் அது தனியார் முதலீடு மாதிரி தெரியும். சரக்கிருப்பு கூடியதால் வளர்ச்சி என்று படிக்கும்போதெல்லாம் எங்கள் யார்டில் அடுக்கி வைத்திருந்த குழாய்கள் ஞாபகம் வரும். அவை யாருக்காக வார்க்கப்பட்டவை என்பது அந்த வரியில் தெரியாது.

ஏப்ரல் 16, இரவு 10.40

கேள்வி கேட்ட வாசகர் பாதி ஒத்துக்கொண்டு, ஒரு கொக்கி போட்டிருக்கிறார்: செய்தியே வேலை செய்யும் என்றால் அரசு அறிவித்துக்கொண்டே இருந்தால் போதுமே, செலவிட வேண்டியதே இல்லையே.

முடியாது. எங்கள் ஆலைக்கு இரண்டாவது அறிவிப்பும் வந்தது, முதல் திட்டம் முடிந்து மூன்று வருடம் கழித்து. அதே சுறுசுறுப்பு. புது மோல்டு, புதுக் கடன், ஆட்கள். டெண்டர் ஒருமுறை தள்ளிப்போயிற்று, இன்னொரு முறை தள்ளிப்போயிற்று, அப்புறம் பேச்சே இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் மோல்டுகள் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. ஆட்களை நிறுத்தும் கடிதங்களை நான்தான் தட்டச்சு செய்தேன். ஆறு கடிதம். அதில் ஒருவர், முதல் திட்டம் முடிந்து போய்விட்டுத் திரும்பி வந்த வெல்டர். கையெழுத்துப் போடும்போது, "அடுத்த தடவை ஒர்க் ஆர்டர் வந்தப்புறம் கூப்பிடுங்க சார்" என்றார்.

மூன்றாவது அறிவிப்பு வந்தபோது முதலாளி நாளிதழை மடித்து வைத்துவிட்டார். கம்பி வியாபாரிக்குப் போன் போகவில்லை.

இரண்டாவது திட்டத்துக்கு அரசு செலவிட்ட தொகை பூஜ்யம். நீங்கள் கேட்ட கஜானாக் கணக்கில் அப்படி ஒன்று நடந்ததாகவே இருக்காது. எங்கள் பேரேட்டில் அதற்கு இருபத்திரண்டு மாத வட்டிப் பதிவு இருக்கிறது, என் கையெழுத்தில்.

ஏப்ரல் 17, காலை 7.10

மோல்டு என்ன ஆயிற்று என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றை வேறொரு ஆலைக்காரர் வாங்கிப் போனார். மற்றது பழைய இரும்பு எடைக்குப் போனது.